மூன்றாவது கயிறு

என் நோட்டின்படி, தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி முடிய எங்கள் லாரியை நானூற்றுப் பன்னிரண்டு தடவை ஸ்டார்ட் செய்திருந்தோம். அதில் நான்கு தடவை வண்டி எடுக்கவில்லை. நானூற்று எட்டு தடவை ஒழுங்காக எடுத்த வண்டியின் மேல் நம்பிக்கை போவதற்கு அந்த நான்கு போதும். ஒரேயடியாக எடுக்காத வண்டி என்றால் எனக்குக் கவலையே இருந்திருக்காது. பட்டறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். ஆனால் இது எடுத்துக்கொண்டே இருக்கும், எப்போது எடுக்காது என்று மட்டும் சொல்லாது.

வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மகன். நான் முப்பத்தோரு வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் மழையளவு பதியும் எழுத்தராக இருந்தவன். மழை பெய்யாத நாளிலும் காலையில் போய் அளவுக் குடுவையைப் பார்த்துவிட்டு பூஜ்யம் என்று எழுதவேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் லாரிக்கு ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், இடம், காலி வண்டியா லோடு வண்டியா, என்ஜின் சூடா ஆறியதா, காற்று எந்தப் பக்கம், பனி உண்டா, சாவி திருப்பியது யார், எத்தனையாவது திருப்பலில் எடுத்தது என்று ஒன்பது பத்திகள். மகன் அதைப் பார்த்து முதலில் சிரித்தான். வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு சிரிக்கவில்லை.

நின்றது வேறு எங்காவது என்றால்கூடப் பரவாயில்லை. மரக்காணத்து உப்பளத்தில், கரையின் மேல் நின்றது.

கரை என்பது உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் மண் பாதை. ஒரு லாரி அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். அதன் ஓரத்தில் வரிசையாக, உப்பைக் குவித்துவைத்த அம்பாரங்கள். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போய், அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஏற்றிக்கொண்டு, மறுமுனை வழியாக வெளியே வரவேண்டும். நடுவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் எல்லா வண்டியும் நிற்க வேண்டியதுதான். பின்னால் எடுத்துத் திரும்ப இடம் கிடையாது. நின்ற வண்டியைக் கிளப்ப, பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு உப்பு இழுத்துக்கொண்டிருக்கும் டிராக்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து, கயிறு கட்டி இழுக்கவேண்டும். அதுவரை கூடை சுமக்கும் பெண்களுக்கும் வேலை ஓடாது.

அதனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு பருவத்தில் இரண்டு கயிறு வரை பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது கயிறு போட்டுவிட்டால் அந்த வண்டி அந்தப் பருவம் முழுக்கக் கரைக்குள் நுழையக்கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் உப்பளத்துக்காரர்களும் ஏற்றும் பெண்களும் லாரிக்காரர்களும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். கணக்கு வைத்திருப்பவர் ஏற்றும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருக்கும் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் சும்மாட்டோடு நிற்பார். நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. எந்த வண்டிக்கு எத்தனை கயிறு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

எங்களுக்கு இரண்டு கயிறு ஆகிவிட்டிருந்தது. பருவம் பாதிகூட முடியவில்லை.

இரண்டாவது கயிறு விழுந்த அன்று மகன் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சாதாரணமாகச் சொன்னான்: "மூணாவது விழுந்தா வண்டிய வித்துட்டு லைன் வண்டிக்கு போயிட வேண்டியதுதாம்பா. கரை இல்லாம இந்த ஊர்ல இன்னா லோடு இருக்குது?"

லைன் வண்டி என்றால் வட மாநிலங்கள் வரை போகும் பெரிய லாரி. மாதத்தில் இருபத்தைந்து நாள் ரோட்டில்தான். மருமகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தடவை லைனுக்குப் போனவன் திரும்பி வரும்போது முதுகு வலியோடு, பேச்சு குறைந்து வந்தான். அப்போது அவன் வீட்டில் இல்லாத நாட்களை நான் எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத விருப்பமில்லை.

முதல் தடவை வண்டி நின்றபோது நான் கூட இல்லை. மகன் மெக்கானிக்குக்குப் போன் செய்து "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். "ஏர் புடிச்சிருக்கும்" என்று அவர் டீசல் ஃபில்டரை மாற்றிக் காற்றை எடுத்துவிட்டார். பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது தடவை நான் இருந்தேன். சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ஜின் அசையவே இல்லை. என்ஜினே சுற்றாதபோது டீசல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அதை நான் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப பேட்டரிதான் சார்" என்றார். இரண்டு பேட்டரியும் மாற்றினோம். பிறகு என்ஜினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் மாற்றினோம். அதன் பிறகு சாவி ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு வண்டி பத்துப் பன்னிரண்டு நாள் குழந்தை மாதிரி ஓடும். சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்ப ஆரம்பித்ததும் நிற்கும்.

நின்ற நான்கு தடவையில் இரண்டு தடவை தானாகவே எடுத்துக்கொண்டது. ஒரு தடவை பெண்கள் கூடையோடு ஏறும் பலகையை வண்டியிலிருந்து உருவியதும் எடுத்தது. இன்னொரு தடவை மகன் கோபத்தில் படியிலிருந்து குதித்துக் கதவை அறைந்துவிட்டு, மறுபடி ஏறித் திருப்பியதும் எடுத்தது. மற்ற இரண்டும் கயிறு.

கடைசியாகக் கூனிமேட்டில் ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனோம். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். இரண்டு தடவை வண்டியைப் பார்த்தார். இரண்டு தடவையும் அவர் முன்னால் வண்டி ஒரே திருப்பலில் எடுத்தது. இரண்டாவது தடவை அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பெரியவரே, ஓடுற வண்டியில நான் இன்னாத்த தேடுறது? நின்னுபோன வண்டியக் காட்டுங்க. நீங்க இன்னா பண்றீங்க, நின்னா உடனே கயிறு கட்டி இழுத்துடுறீங்க. எடுத்ததுக்கப்புறம் என்கிட்ட ஓட்டினு வந்து, எங்க கோளாறுன்னு கேக்குறீங்க."

"நின்னா கரையில நிக்குது பாய். அங்க நிக்கவிட மாட்டாங்க."

"அப்ப கோளாறும் போகாது."

மகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். கரையில் ஏற்றும்போது என்ஜினை அணைக்காமல் ஓடவிட்டான். ஆனால் ஏற்றும்போது என்ஜின் ஓடக்கூடாது என்பதும் அந்தக் கரையின் வழக்கம்தான். வண்டிக்குப் பின்னால் பலகை போட்டு, தலையில் அன்னக்கூடை நிறைய உப்போடு ஏறும் பெண்களின் முகத்துக்கு நேராகப் புகை வரும். மூன்று கூடைகூட ஏறியிருக்காது. மேஸ்திரி அம்மா முன்பக்கம் வந்துவிட்டார்.

"டேய், என்ஜின அணைடா."

"அக்கா, இன்னிக்கி ஒருநாளு விட்டுடுங்க. அணைச்சா திரும்ப எடுக்குமோ எடுக்காதோ."

"அத உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எங்க மூஞ்சில ஏன் விடுற?"

பலகையின் மேல் நின்றிருந்த இன்னொரு பெண் கூடையை இறக்காமலே கத்தினாள்: "காலுல உப்பு, மூஞ்சில புகை. நம்மள கருவாடு போடப் பாக்குறான்க்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். மகன் அணைத்துவிட்டான். அன்று லோடு முடிந்ததும் மகன் சாவியைத் திருப்பினான். எடுத்தது. அதையும் எழுதினேன்.

சித்திரை பிறந்து ஆறாம் நாள். கரைக்குள் ஆறு வண்டிகள். எங்களுடையது மூன்றாவது. முன்னால் இரண்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. எங்கள் வண்டிக்கு முந்நூற்றுப் பதினான்கு கூடை ஏறியது. பலகையை உருவினார்கள். மணி பத்து இருபத்திரண்டு. நான் வண்டிக்கு வெளியே, மகனுக்குப் பக்கத்து டயரின் அருகில் நின்றிருந்தேன். மகன் சாவியைத் திருப்பினான்.

டக்.

மறுபடியும் திருப்பினான். டக்.

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் அனுமந்தை ஊர்க்காரன். ஒரு நீள ஹார்ன் அடித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "போச்சிடா! கயிறு எடுத்துனு வாங்கப்பா!" அவன் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வண்டி குறைந்தால் மற்ற வண்டிகளுக்கு ஆளுக்கு ஒரு நடை கூடும்.

பாத்தியில் டிராக்டர்காரர் எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தார். மேஸ்திரி அம்மா கையை உயர்த்தினார். மூன்று விரலை மட்டும் காட்டினார்.

 எழுபத்தொரு வயதில் ஒரு லாரிக்காக இப்படிப் பயப்படவேண்டுமா என்று யாராவது கேட்கலாம். எனக்கு அந்த மூன்று விரலில் தெரிந்தது லாரி இல்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போன மருமகளின் முதுகு.

மகன் கதவைத் திறந்து இறங்கப் போனான். "நான் குதிச்சி ஏறுறேம்பா. போன தடவை அப்படித்தான் எடுத்துச்சி."

எடுக்கும்தான். அது எனக்கும் தெரியும். குதித்தால் எடுக்கலாம். எடுத்தால் கயிறு வேண்டாம், இன்றைக்குத் தப்பித்துவிடலாம். ஆனால் இன்னும் பத்து நாள் கழித்து இதே இடத்தில் இதே சத்தம் கேட்கும். பாய் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. நின்ற வண்டி இப்போது என் எதிரில் இருக்கிறது. இதை அசைத்துவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும்?

நான் டயருக்குப் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மகனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை.

"அப்பா! இன்னா பண்றீங்க? பின்னால மூணு வண்டி நிக்குது."

"நீ உக்காரு. இறங்காத."

பாய்க்குப் போன் போட்டேன். "பாய், நின்னுட்டுது. இப்ப. கரையில."

"நின்னுட்டுதா? அல்ஹம்துலில்லா!" என்றார். என் வாழ்நாளில் எங்கள் வண்டி நின்றதற்கு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். "யாரும் கை வெக்காதீங்க. சாவிய எடுத்துடுங்க. ஒருத்தரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. கதவக்கூட சாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும். நான் வர்றேன்."

"எம் பையன் உள்ள உக்காந்திருக்கான் பாய்."

"உக்காந்திருக்கட்டும்."

மகனிடம் சொன்னேன். அவன் பாதி திறந்த கதவுக்குள் ஒரு காலைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தான். "இந்த வெயில்ல நான் இன்னா பண்றது?"

"உக்காரு" என்றேன்.

பிறகு காத்திருந்தோம். நான் நிமிடங்களை எண்ணினேன். வெயில் உப்பின் மேல் பட்டு கண்ணுக்குள் குத்தியது. பெண்கள் அம்பாரத்தின் நிழல் பக்கம், ஒரு முழம் நிழலில், வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலை எனக்கு நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். 

அனுமந்தைக்காரன் வண்டியை விட்டு இறங்கி வந்தான். "பெருசு, வண்டி தூங்குதா? தாலாட்டு பாடினு இருக்கீங்களா?"

"ஆள் வர்றாங்கப்பா. கொஞ்சம் பொறு."

"எவ்ளோ நேரம் பொறுக்கிறது? கயிறு போடுங்க, வெளிய போங்க. வழக்கம் உங்களுக்கு மட்டும் கிடையாதா?"

மேஸ்திரி அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "பெரியவரே, டிராக்டர வரச் சொல்லவா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க."

"வேணாம்மா. ஒரு அரை மணி நேரம் குடு. மெக்கானிக்கு நின்ன வண்டியத்தான் பாக்கணும்கிறாரு. இழுத்துட்டா கோளாறு ஓடி ஒளிஞ்சிக்கும்."

"அரை மணின்னா அரை மணிதான்" என்றார் அந்த அம்மா. அவர் கையில் கடிகாரம் கிடையாது.

எனக்கு வேறு பயம் வந்தது. பாய் வந்து சாவியைத் திருப்பும்போது வண்டி எடுத்துக்கொண்டால்? இத்தனை பேரையும் வெயிலில் உட்காரவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாமல், வெட்கம் மட்டும் மிஞ்சினால்? வண்டியைப் பார்த்து, எடுத்துவிடாதே, எடுத்துவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக இதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தவன்.

இருபத்தாறாவது நிமிடம் பாயின் ஸ்கூட்டர் கரையில் ஏறியது. நின்ற மூன்று லாரிகளையும் தண்ணீர் ஓரமாக ஒடித்து ஒடித்துக் கடந்து வந்தார். டூல்ஸ் பெட்டி காலுக்கு நடுவில். இறங்கியதும் வண்டியைத் தொடவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"வண்டி எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குது பாத்தீங்களா?"

பார்த்தேன். கரையின் இடது ஓரம் மண் இளகல். லோடு ஏறிய பிறகு இடது பின் சக்கரம் நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது.

"எப்பவும் இதே இடத்துலதான் நிக்குதா?"

"ஆமா. அம்பாரம் இங்கதான இருக்குது."

"வீட்ல?"

"சிமெண்டுத் தரை. சமமா இருக்கும்."

"இதை நோட்டுல எழுதினீங்களா?"

எழுதவில்லை. ஒன்பது பத்தியில் வண்டி சாய்ந்திருக்கிறதா என்று ஒரு பத்தி கிடையாது. காற்று எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தேன்.

சாவியை மகனிடம் கொடுத்தேன். பாய் முன்பக்கம் வந்தார். "தம்பி, ஹார்ன் அடி" என்றார். நல்ல சத்தம். "லைட்டப் போடு." அந்த வெயிலிலும் தெரிகிற அளவுக்கு லைட் எரிந்தது. "இப்ப செல்ஃப் அடி."

டக்.

"லைட்டு மங்குச்சா?"

"இல்லையே" என்றேன்.

"மங்கணும். செல்ஃப் இழுக்கிற கரண்டுக்கு லைட்டு செத்துப் போவணும். மங்கலன்னா கரண்டு அங்க போவவே இல்ல. பேட்டரி நல்லா இருக்குது. வழிதான் எங்கியோ அடைச்சிருக்குது."

வண்டிக்கு அடியில் படுத்து உள்ளே நகர்ந்தார். வோல்ட் மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, இன்னொன்றை என்ஜினில் வைத்தார். "அடி." டக். "இருபத்திரெண்டு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இருபத்திரெண்டு நல்லதா, கெட்டதா பாய்?"

"இங்க சைபர் வரணும் பெரியவரே."

இரண்டாவது தடவை ஒரு ஒயரை மைனஸிலேயே வைத்து, மற்றதைச் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்தார். "அடி." டக். "சைபர்."

வெளியே தலையை மட்டும் நீட்டி எனக்குச் சொன்னார். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குக் கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். என்ஜின் வழியாகச் சேசிஸுக்கு வந்து, சேசிஸ் வழியாகப் பேட்டரிக்கு வரவேண்டும். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து சேசிஸுக்குக் கரண்ட் வர ஒரே ஒரு வழி, இரண்டு விரல் அகலத்தில் பின்னிய செம்புப் பட்டை ஒன்று. எர்த் பட்டை என்பார்கள். அந்த வழிதான் மூடியிருக்கிறது.

மறுபடி உள்ளே போனார். துணியால் எதையோ துடைக்கும் சத்தம் கேட்டது.  பிறகு, மெதுவாகத்தான் கேட்டார்:

"இந்த போல்ட்டுக்கு அடியில யாரு பெயிண்ட் அடிச்சது?"

மகன் கேபினிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பருவம் தொடங்குமுன் சேசிஸைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவார்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆனால் மற்றவர்கள் வெளியே தெரிகிற இடத்துக்கு அடிப்பார்கள். நான் மார்கழி முழுக்கப் பெயிண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கழற்ற முடிந்த போல்ட் எல்லாவற்றையும் கழற்றவைத்து, அது உட்காரும் இடத்திலும் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். நூற்றுப் பதினெட்டு போல்ட். நானே எண்ணினேன். இந்தச் செம்புப் பட்டையைக் கழற்றும்போது அந்தப் பெயிண்டர் நிறுத்தி, "இதுக்கடியிலயுமா சார்? இது எர்த்து மாதிரி இருக்குது" என்று கேட்டார். துரு எர்த்தென்று பார்க்குமா என்று நான் பதில் சொன்னேன்.

"நான்தான் பாய்" என்றேன். "நான்தான் அடிக்கச் சொன்னேன்."

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பாய் வெளியே வந்து உட்கார்ந்தார். "உப்புக்குப் பயந்து கரண்ட்டுக்குக் கதவ சாத்திட்டீங்க பெரியவரே. இத்தினி நாளு போல்ட்டோட மரை வழியா கொஞ்சம் கொஞ்சம் வந்துனு இருந்திருக்குது. சமமா நின்னா ஒட்டும். லோடு ஏறி இப்படி சாய்ஞ்சா சட்டம் ஒரு மயிரிழை முறுக்கும், விட்டுப்போவும். கயிறு கட்டி இழுத்தா குலுங்கி மறுபடி ஒட்டிக்கும். அதான் என்கிட்ட வரும்போது ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுச்சி."

நான்கு பொருள்களை மாற்றியிருந்தோம். நான்கும் நல்ல பொருள்கள்.

போல்ட்டைக் கழற்றினார். அரத்தால் சிவப்புப் பெயிண்டைத் தேய்த்து எடுத்தார். அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் வெள்ளை இரும்பு வந்து மின்னும்வரை தேய்த்தார். பட்டையின் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் துலக்கினார். இறுக்கிவிட்டு மேலே வாஸலைன் பூசினார். "பூசறதுன்னா இத பூசுங்க. முடிச்சதுக்கப்புறம், மேல."

"தம்பி, அடி."

வண்டி எடுத்தது. அதே சாய்வில், அதே லோடில், ஒரே திருப்பலில். அணைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். எடுத்தது. ஐந்து தடவை அடித்தான். நான் மட்டும் ஆறாவது தடவையும் அடிக்கச் சொன்னேன்.

அனுமந்தைக்காரன் விடவில்லை. "எடுத்துச்சி சரி. கரைய இவ்ளோ நேரம் அடைச்சி வெச்சாங்களே, அதுவும் கயிறுதான். எண்ணுக்கா."

மேஸ்திரி அம்மா எழுந்து சும்மாட்டை உதறினார். "கயிறு கட்டினாங்களா?"

"கட்டல. ஆனா..."

"கட்டலன்னா எப்படிடா கயிறு ஆகும்?" என்று அவனைக் கேட்டவர், என் பக்கம் திரும்பினார். "ஆனா எங்காளுங்க சும்மா உக்காந்தாங்களே பெரியவரே. அதுக்கு இன்னா பண்றது? எவ்ளோ நேரம் ஆச்சி? நீங்க எண்ணினுதான் இருந்திருப்பீங்க."

நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. முப்பது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அரை மணிதான் என்று அவர் கொடுத்திருந்தார். அவரிடம் கடிகாரம் இல்லை.

"நாப்பத்தேழு" என்றேன்.

"அப்ப ஒரு வண்டி ஏத்துற நேரம்" என்றார். "இந்த வாரம் முழுக்க உங்க வண்டி வரிசையில கடைசி. ரெண்டு கயிறு ரெண்டாவே இருக்கட்டும். என்னடா, சரியா?"

அனுமந்தைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். ஏறுவதற்கு முன் திரும்பி, "பெருசு, எங்க வண்டிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வந்துடாதீங்க" என்றான். பெண்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். என் மகன் சிரிக்காமல் இருக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன்.

இருவரும் வண்டியில் கரையைக் கடந்து ரோட்டில் ஏறினோம். ஏறிய பிறகு கேட்டான்: "அப்பா, இந்த மாதிரி எர்த்து இன்னும் எத்தினி இருக்குது?"

"தெரியலடா. கேபினுக்கு ஒண்ணு, பின் லைட்டுக்கு ரெண்டு இருக்கும்னு நினைக்கிறேன்."

"அதுக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும் அடிச்சிருக்குது."

 மாலையில் அவன் உப்புத்தாளோடு வண்டிக்கு அடியில் படுத்தான். நான் டார்ச் பிடித்தேன். எனக்கு எதையும் கழற்றும் உரிமை இல்லை என்று அவன் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் வரிசையில் கடைசி. ஆறாவது வண்டி. எங்கள் முறை வரும்போது மணி இரண்டேகால். அதே அம்பாரம், அதே ஓரம். லோடு ஏற ஏற இடது சக்கரம் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்றைவிட ஒரு விரல் அதிகமாக இறங்கியதுபோல் இருந்தது. பலகையை உருவினார்கள். பெண்களில் பாதிப் பேர் கால் கழுவப் போகாமல் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடிடா" என்றார்.

எடுத்தது. மகன் கியரைப் போட்டு நகர்த்தினான். கரையின் மறுமுனைவரை தூசியில் போய், ரோட்டில் ஏறி, வளைந்து, அம்பாரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். நான் கரையின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். ஏறிக்கொள்ளவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஏற்றிக்கொள்ளவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

"ஐய, பெரியவர விட்டுட்டுப் போயிட்டான் பாருங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

மேஸ்திரி அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "வாங்க, ரோடு வரைக்கும் எங்ககூட நடங்க. பஸ் புடிச்சி போலாம்."

பதினொரு பெண்களுக்குப் பின்னால் பன்னிரண்டாவது ஆளாக நடந்தேன். பாதி தூரம் போனதும் பொறுக்க முடியாமல் மகனுக்குப் போன் போட்டேன். எடை மேடையில் வண்டியை அணைக்கவேண்டியிருக்கும்.

"எடை போட்டியா?"

"போட்டாச்சிப்பா."

"அணைச்சியா?"

"அணைச்சேன்."

"எடுத்துச்சா?"

"எடுத்துச்சிப்பா" என்றான். பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டான்.